அண்டை வீட்டாரும் நகர அமைப்பும்

இன்று நகரத்தில் வீடு கட்ட முற்படும் ஒருவர் முதலில் தேடிச் செல்வது கொத்தனாரை அன்று, வரைபடம் எழுதுபவரையே. எழுதிய வரைபடம் நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறது. தெரு எத்தனை அடி அகலம், எல்லையிலிருந்து சுவர் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது, எத்தனை மாடிகள், கழிவுநீர் எங்கே போகும் என்றெல்லாம் அங்குள்ளோர் ஆய்ந்து முத்திரை குத்திய பின்னரே கடைக்கால் தோண்ட வேண்டும் என்பது சட்டம். பெரிய மனைப்பிரிவாயின் பூங்காவுக்கும் சாலைக்கும் இடம் ஒதுக்கிக் காட்ட வேண்டும். இம்முறை நமக்கு நன்கு பழகிவிட்டது. ஆயினும் இதில் ஒரு விந்தை உண்டு. எழவிருக்கும் கட்டடத்தால் வெயிலும் காற்றும் மறைக்கப்பட்டு, சாளரத்தைத் திறக்கவும் கூசி அல்லற்படப் போகிறவர் அடுத்த வீட்டுக்காரர். அவரைப் பெரும்பாலும் எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பண்டைய முஸ்லிம் நகரங்களில் நிலைமை ஏறத்தாழ இதற்கு நேர்மாறாக இருந்தது. கட்டுவதற்கு முன் வரைபடம் கொண்டு செல்ல அங்கே அலுவலகம் இல்லை. ஆனால் அண்டை வீட்டார் இருந்தார்; அவருடைய முறையீட்டைக் கேட்கக் காழி இருந்தார்; காழி அனுப்பினால் நேரில் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்துச் சொல்லத் தேர்ந்த கொத்தனார் இருந்தார். இம்மூவரைக் கொண்டே பல்லாயிரம் மக்கள் நெருங்கி வாழ்ந்த நகரங்கள் பல நூற்றாண்டுகள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொண்டன. அந்த முறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது, எங்கே வலுவிழந்தது என்பதைச் சிறிது விரிவாகக் காண்போம்.

எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கி.பி. 641-642 அளவில் நைல் நதிக்கரையில் ஃபுஸ்தாத் என்னும் நகரை நிறுவினார்கள். இன்றைய கெய்ரோ மாநகரின் தென்பகுதியில் அது அமைந்திருந்தது. ஒவ்வொரு கோத்திரத்தாருக்கும் இடம் வகுத்துக் கொடுக்க நால்வரை அம்ரு (ரலி) அவர்கள் நியமித்தார்கள். வீடுகள் யாவும் தரைமட்ட வீடுகளே. அந்நகரில் முதன்முதலில் மேல்மாடத்தில் ஓர் அறை எழுப்பியவர் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள். செய்தி மதீனாவுக்கு எட்டியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் உடனே அம்ருக்குக் கடிதம் எழுதினார்கள்.

அக்கடிதத்தின் செய்தியை எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு அப்தில் ஹகம் இரு விதமாக எழுதி வைத்திருக்கிறார். ஓர் அறிவிப்பின்படி, அண்டை வீட்டாரின் மறைவுகளைக் காண வகை செய்யும் அவ்வறையை இடித்துவிடுமாறு கலீஃபா ஆணையிட்டார்கள். மற்றோர் அறிவிப்பு நமக்கு இன்னும் சுவையானது. அந்த அறைக்குள் ஒரு கட்டிலைப் போடுக. மிக நெட்டையும் மிகக் குட்டையும் அல்லாத ஒருவரை அதன்மேல் நிற்கச் செய்க. அவருக்குச் சாளரத்தின் வழியே அயல்வீடு தெரியுமானால் அறையை இடித்துவிடுக என்பது கட்டளை. அவ்வாறே சோதிக்கப்பட்டது. கட்டில்மீது நின்றவருக்குச் சாளரம் எட்டவில்லை. அறை தப்பியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை சில. அறை எத்தனை முழ உயரம் என்று கலீஃபா கேட்கவில்லை. எதனால் கட்டப்பட்டது என்றும் கேட்கவில்லை. மனை காரிஜாவுக்கு உரியதா என்பதிலும் ஐயமில்லை. கேள்வி ஒன்றே ஒன்று: அண்டை வீட்டில் நடமாடும் பெண்டிரின் மறைவு குலைகிறதா? அதற்கு அளவுகோல் சராசரி மனிதனின் உடல். நூற்றுக்கணக்கான காதங்களுக்கு அப்பால் இருந்தவர் இட்ட கட்டளையாயினும், முடிவு கட்டடத்தின் உள்ளேயே, கட்டிலின்மேல் ஒரு மனிதனை நிறுத்தி எடுக்கப்பட்டது. இப்படித் தப்பிய அறைக்குரிய காரிஜா (ரலி) அவர்களின் இறுதிதான் துயரமானது. ஹிஜ்ரி 40-இல் (கி.பி. 661) உடல்நலங்குன்றியிருந்த அம்ரு (ரலி) அவர்களுக்குப் பதிலாகத் தொழவைக்க நின்றபோது, அம்ரைக் கொல்ல வந்தவனின் வாளுக்கு ஆள்மாறாட்டத்தில் இரையானார்கள்.

அதே ஃபுஸ்தாத் நகரைப் பதினோராம் நூற்றாண்டின் நடுவில் கண்ட பாரசீகப் பயணி நாஸிரே குஸ்ரவ், பதினான்கு அடுக்கு வீடுகளைப் பற்றி எழுதுகிறார். அவர் எண்ணியதில் ஒன்றிரண்டு கூடியிருக்கலாம். ஆனாலும் ஒரு மேல்மாடத்து அறைக்கே விசாரணை நடந்த ஊர் நானூறு ஆண்டுகளில் வானளாவ வளர்ந்துவிட்டது என்பது மெய். உயரம் தடுக்கப்படவில்லை. எட்டிப் பார்ப்பதுதான் தடுக்கப்பட்டது.

நகரை முன்கூட்டியே திட்டமிடும் வழக்கம் அக்காலத்தில் அறவே இல்லை என்று கருதிவிடலாகாது. ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638) ஈராக்கில் கூஃபா நகரம் அமைந்த விதத்தை வரலாற்றாசிரியர் தபரீ தரும் குறிப்புகளிலிருந்து அறிகிறோம். முதலில் பள்ளிவாசலுக்கு இடம் குறிக்கப்பட்டது. வில்லாளி ஒருவர் அதன் நடுவில் நின்று நாற்றிசையும் அம்பு எய்தார். அம்புகள் விழுந்த இடத்துக்கு அப்பால் வீடு கட்டிக்கொள்ள மக்களுக்கு அனுமதி. அம்பு சென்ற தொலைவுக்கு உட்பட்ட நிலம் பொதுவெளி. பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30 முழம், அவற்றுக்கும் அடுத்தவை 20 முழம், சந்துகள் 7 முழம் என்பது உமர் (ரலி) அவர்களின் ஆணை. தொடக்கத்தில் மக்கள் நாணற்குடிசைகளில் வாழ்ந்தனர். பெருந்தீ ஒன்று அவற்றை அழித்த பின் செங்கல்லால் கட்டிக்கொள்ள இசைவு கோரினர். இசைவு கிடைத்தது. ஆனால் ஒருவருக்கு மூன்று அறைகளுக்கு மேல் வேண்டா, உயரத்தில் ஒருவரோடொருவர் போட்டியிட வேண்டா என்ற நிபந்தனையோடு கிடைத்தது.

அந்த ஆணைகள் ஆளுநரையும் விடவில்லை. கூஃபாவின் ஆளுநர் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் மாளிகைக்கு ஒரு வாயிற்கதவு பொருத்தினார்கள். சந்தையின் இரைச்சல் தாளாமல் செய்ததே அது. ஆனால் மக்களுக்கும் ஆளுநருக்கும் இடையே கதவு நிற்கிறது என்ற முறையீடு மதீனாவுக்குச் சென்றது. முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். வந்தவர் அக்கதவைத் தீயிட்டுக் கொளுத்திவிட்டுத் திரும்பினார். முறைகேடான கட்டடத்தின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் இத்துணை விரைவான ஒன்றை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

ஆக, பெருந்தெருவையும் பள்ளிவாசலையும் சந்தைவெளியையும் ஆட்சி வகுத்தது. பெருந்தெருக்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் யார் வீடு எங்கே, யார் வாசல் எப்பக்கம் என்பதை அந்தந்தக் கோத்திரத்தாரே முடிவு செய்துகொண்டனர். பழைய அரபு நகரங்களில் அகன்ற வீதிகளிலிருந்து கிளைக்கும் சந்துகள் வளைந்து நெளிந்து ஒரு வீட்டு வாசலில் முட்டி நிற்பதை மேல்நாட்டார் பலர் ஒழுங்கின்மை என்று எழுதிவிட்டனர். அது ஒழுங்கின்மை அன்று. அந்த முட்டுச்சந்து யாருக்குச் சொந்தம், அதில் புதிதாக வாசல் திறக்க யார் யாருடைய இசைவு வேண்டும் என்பதற்கெல்லாம் நுணுக்கமான சட்டம் இருந்தது.

அச்சட்டத்தின் வித்துகள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாக்குகளில் உள்ளன. தீங்கிழைத்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கிழைத்தலும் கூடாது என்னும் கருத்துடைய நபிமொழியை இம்மாத இதழைப் படிக்கும் பலரும் அறிவர். பாதையைப் பற்றிப் பிணக்கு எழுந்தால் அதற்கு ஏழு முழம் விடுமாறும், தன் சுவரில் அண்டை வீட்டார் உத்திரம் பதிப்பதைத் தடுக்க வேண்டா என்றும் வரும் நபிமொழிகளும் உண்டு. சட்ட மேதைகள் இவற்றை விளக்கி விரித்துக் கட்டடங்களுக்கென ஒரு தனித் துறையையே வளர்த்தனர்.

பொதுத் தேவைக்குத் தனியார் வீட்டை எடுப்பது பற்றியும் அன்றே இரு முன்மாதிரிகள் தோன்றிவிட்டன. நபிப் பள்ளியை உமர் (ரலி) அவர்கள் விரிவுபடுத்த முனைந்தபோது அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு குறுக்கே நின்றது. பொதுநிதியிலிருந்து விலை தருவதாகவும், வேறிடத்தில் வீடு கட்டித் தருவதாகவும், அன்றி அவர்களே அறமாக வழங்கிவிடலாம் என்றும் கலீஃபா மூன்று வழி கூறினார்கள். அப்பாஸ் மூன்றையும் மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅபு (ரலி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக அமைந்தது. உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னரே அப்பாஸ் தாமாக மனமுவந்து வீட்டைக் கொடுத்தார்கள். ஆனால் மக்காவில், வெள்ளப் பெருக்குக்குப் பின் ஹரமை விரிவுபடுத்தியபோது, விற்க மறுத்தோரின் வீடுகளை அதே உமர் (ரலி) அவர்கள் இடித்து, அவற்றின் விலையைக் கருவூலத்தில் வைத்து, வேண்டியபோது பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள். கஅபாவின் முற்றத்தில் நீங்கள் வந்து குடியேறினீர்கள், கஅபா உங்களிடம் வந்து குடியேறவில்லை என்பது அங்கே கூறப்பட்ட காரணம். முந்தி இருந்தது எது என்னும் இந்தக் கேள்வி பிற்காலச் சட்டத்தில் மிகப் பெரிய இடம் பெற்றது.

இனி, துனீஸ் நகருக்கு வருவோம். ஆப்பிரிக்காவின் வடகரையில், ஸைத்தூனாப் பெரும் பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த இந்நகரம் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து ஹஃப்ஸிய சுல்தான்களின் தலைநகராக விளங்கிற்று. அங்கே கி.பி. 1334-இல் மறைந்தவர் இப்னுர் ராமி எனப்பட்ட முஹம்மது இப்னு இப்ராஹீம். இவர் ஆலிம்களின் வரிசையில் பேர்பெற்றவர் அல்லர். கொத்தனார்; கொத்தனார்களுள் தலைசிறந்தவர். நகரின் காழியாக இருந்த இப்னு அப்திர் ரஃபீஉ அவர்களுக்குக் கட்டட வழக்குகளில் கண்ணாகவும் கையாகவும் பணியாற்றியவர். ஓர் ஆயுட்காலம் முழுதும் சுவர்களையும் கூரைகளையும் சாக்கடைகளையும் பார்த்துப் பார்த்து அறிந்ததை, மாலிக்கீ மத்ஹபின் இமாம்கள் கூறியவற்றோடு சேர்த்து, 'அல் இஃலான் பி அஹ்காமில் புன்யான்' என்ற நூலாக எழுதி வைத்தார். கட்டடச் சட்டங்களின் அறிவிப்பு என்று அதன் பெயருக்குப் பொருள் கூறலாம். தமிழகத்தில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளே வழங்குவதால் இந்நூல் நம்மிடையே அவ்வளவாக அறிமுகமாகவில்லை. மொராக்கோவின் ஃபாஸ் நகரில் ஹிஜ்ரி 1332-இல் அது கல்லச்சில் ஏறியது. 1986-இல் பெஸிம் ஹக்கீம் என்னும் கட்டடக்கலை அறிஞர் துனீஸ் நகர அமைப்பைப் பற்றி வெளியிட்ட நூலுக்கு முதன்மையான ஆதாரமாக விளங்கியதும் அதுவே.

வழக்கு நடக்கும் விதம் இதுதான். ஒருவர் தம் இடத்தில் புதிதாக ஏதோ ஒன்றைச் செய்கிறார்: சாளரம் திறக்கிறார், தொழுவம் அமைக்கிறார், அடுப்பு மூட்டுகிறார். அயலார் காழியிடம் முறையிடுகிறார். காழி தாமே கற்பனை செய்துகொண்டு தீர்ப்புரைப்பதில்லை. கட்டடத் தொழிலில் தேர்ந்த நம்பிக்கைக்குரியவர்களை அனுப்புகிறார். அவர்கள் இடத்துக்குச் சென்று இரு தரப்பையும் கேட்டு, கண்டதைச் சாட்சியமாகக் கூறுகிறார்கள். அதன்மேல் தீர்ப்பு. கட்டியவர் ஏழையா செல்வரா என்பது கேள்வி அன்று. அவரால் விளைந்தது தீங்கா, பொறுத்துக்கொள்ளத்தக்க தொல்லையா என்பதே கேள்வி.

தீங்கு எது, தொல்லை எது என்று பிரித்ததில்தான் அவர்களுடைய நுண்ணறிவு விளங்குகிறது. அடுப்பங்கரைப் புகையை அயலார் பொறுத்துக்கொள்ள வேண்டும். சோறு சமைக்காத வீடு ஏது? ஆனால் குளியல் விடுதியின் புகையையும் ரொட்டிக் கடையின் புகையையும் பொறுக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் நாற்றம் தடுக்கத்தக்கது. ஓசையைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு; ஓசையால் சுவர் அதிருமானால் அது சுவருக்குத் தீங்கு. புதிதாகக் கட்டிய தொழுவத்திலிருந்து இரவெல்லாம் கால்நடைகள் குளம்பு மாற்றும் ஒலியால் உறக்கம் இழந்த அண்டை வீட்டாரின் முறையீடும் அந்நூலில் இடம் பெறுகிறது.

அதிர்வை அளப்பது எப்படி? இப்னுர் ராமி கூறும் சோதனையைப் படித்தபோது நாம் உண்மையிலேயே வியந்தோம். விலங்குகளைக் கட்டி இழுக்கும் மாவு இயந்திரத்தால் தன் சுவர் அதிர்கிறது என்று ஒருவர் முறையிட்டால், ஒரு காகிதத்தாளை எடுத்து அதன் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, முறையிட்டவர் வீட்டில், இயந்திரத்தை ஒட்டிய சுவர்ப்பக்கம், கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். அதன்மேல் உலர்ந்த கொத்தமல்லி விதைகளைத் தூவ வேண்டும். பின் இயந்திரத்தை ஓட்டச் சொல்ல வேண்டும். விதைகள் துள்ளினால் இயந்திரத்தை அகற்ற வேண்டியதுதான். அசையாமல் கிடந்தால் முறையீடு தள்ளுபடி. அடுக்களையில் கிடைக்கும் ஒரு பிடி கொத்தமல்லி, இரு தரப்பாரும் கண்ணால் காணத்தக்க சான்றாகிவிடுகிறது. நிபுணர் சொன்னார், நாங்கள் நம்ப வேண்டியதாயிற்று என்று எவரும் முணுமுணுக்க இடமில்லை.

சாளரங்களைப் பற்றிய வழக்குகள் ஏராளம். அயல்வீட்டு முற்றத்தில் நடமாடுவோரை அடையாளம் காணும் அளவுக்குத் தெரிந்தால் சாளரத்தை அடைக்க வேண்டும். இதில் பள்ளிவாசலுக்கும் சலுகையில்லை. மினாரா மீது ஏறினால் சுற்றுப்புற வீடுகள் தெரிகின்றன என்ற கேள்வி வந்தபோது, கைரவான் நகரின் பேரறிஞர் ஸஹ்னூன் (மறைவு கி.பி. 854), அதன்மேல் ஏறுவதைத் தடுக்க வேண்டும் என்றே கூறினார். பெண்டிர் பிறர் கண்ணில் படாமல் போய்வர வீடுகளுக்கிடையே 'முடுக்கு' விட்டுக் கட்டிய காயல்பட்டினத்தாருக்கு இக்கவலையின் ஆழத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

வாசல்களுக்கும் விதி உண்டு. எதிர்வீட்டு வாசலுக்கு நேர் எதிரே புது வாசல் திறப்பதாயின் சற்று விலக்கித் திறக்க வேண்டும். கதவைத் திறந்தவுடன் ஒருவர் வீட்டின் உட்புறம் மற்றவருக்குத் தெரியலாகாது. தெரு அகலமானதாயின் இவ்விதி தளர்கிறது. முட்டுச்சந்து அதில் வாசலுடையோர் அனைவருக்கும் கூட்டுச் சொத்து. ஒருவர் மறுத்தாலும் அங்கே புதிய வாசல் கிடையாது. தெருவின் குறுக்கே இருபுறத்து வீடுகளையும் இணைத்து மேலே அறை கட்டுவது துனீஸில் இன்றும் காணத்தக்க வழக்கம். சுமையேற்றிய ஒட்டகமும் அதன்மேல் அமர்ந்தவரும் தடையின்றிச் செல்லும் உயரத்தில் அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மனித உடல், கொத்தமல்லி, ஒட்டகம்: அந்நகரத்தின் அளவுகோல்கள் இவை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கட்டுரையின் தொடக்கத்தில் வெயில், காற்று என்று குறிப்பிட்டோம் அல்லவா? மாலிக்கீ அறிஞர்களில் பெரும்பாலோர் அவற்றை மறைப்பதைத் தடுக்கத்தக்க தீங்காகக் கொள்ளவில்லை. தன் மனையில் சுவரை உயர்த்துவது உரியவரின் உரிமை. காற்று இன்றியமையாத நெற்களம் போன்ற கதிரடிக்கும் களத்துக்கு மட்டும் விலக்கு அளித்தனர். அயலாருக்குத் தொல்லை கொடுப்பதே நோக்கமாக, தனக்கு ஒரு பயனுமின்றிக் கட்டினால் அது வேறு. நம் கண்ணுக்கு இது குறையாகத் தோன்றுகிறது. உள்முற்றம் வைத்துக் கட்டிய வீடுகளில் வெளிச்சம் வானிலிருந்து வந்ததால் அவர்களுக்கு அது பெருங்குறையாகப் படவில்லை போலும்.

இதே துனீஸில் கி.பி. 1332-இல் பிறந்த இப்னு கல்தூன், தம் 'முகத்திமா'வில் கட்டடத் தொழிலைப் பற்றி எழுதும்போது இவ்வழக்குகளை மறக்கவில்லை. நகரங்களில் நெருக்கத்தின் காரணமாக மக்கள் நிலத்துக்கு மட்டுமன்றி மேலும் கீழும் உள்ள வெளிக்குக்கூடப் பிணங்குகிறார்கள் என்றும், சுவர், வழி, கழிவுநீர் பற்றிய சச்சரவுகளில் கட்டடக் கலை அறிந்தோரின் சொல்லே காழிக்குத் துணை என்றும் அவர் கூறுகிறார். பின்னாளில் கெய்ரோவில் மாலிக்கீ காழியாக அமர்ந்தவர் அவர். அனுபவத்தின் குரல் அதில் ஒலிக்கிறது.

காழியும் கொத்தனாரும் முறையீடு வந்த பின் செயல்பட்டார்கள். முன்கூட்டியே கண்காணித்தவர் முஹ்தஸிப் என்னும் அதிகாரி. தெருவை ஆக்கிரமித்த திண்ணையையும் விழும் நிலையிலிருந்த சுவரையும் பார்த்து அகற்றச் செய்வது அவர் பொறுப்பு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஸ்பெயினில், இஷ்பீலியா நகரைப் பற்றி எழுதிய இப்னு அப்தூன் ஓர் அருமையான யோசனை கூறுகிறார். செங்கல்லின் கனம், ஓட்டின் அளவு, உத்திரத்தின் பருமன் இவற்றுக்குரிய மாதிரிகள் பெரும் பள்ளிவாசலில் தொங்கவிடப்பட வேண்டும். வாங்குபவர் எவரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இம்முறையின் குறைகளையும் நாம் காணாமல் இல்லை. முறையிட ஆள் இல்லாத இடத்தில் தீங்கு தீங்காகவே தங்கிவிடும். பெருந்தெரு அனைவருக்கும் சொந்தம் என்பதால் எவரும் தமக்கென்று முறையிடுவதில்லை; ஆகவே 40 முழத் தெருக்கள் திண்ணை திண்ணையாகச் சுருங்கி வந்தன. சுல்தானின் மாளிகை எழும்போது எந்த அண்டை வீட்டார் காழியிடம் போவார்? கூஃபாவின் கதவு எரிந்தது உமர் (ரலி) அவர்கள் காலத்தில். பிற்காலத்தில் அப்படி எரிந்த கதவுகள் அரிது. தீ, கொள்ளைநோய், வெள்ளம் ஆகியவை ஒரு சுவருக்கும் மறு சுவருக்கும் இடைப்பட்ட வழக்குகள் அல்ல. அவற்றுக்கு முழு நகரையும் ஒருசேரக் காணும் கண் வேண்டும்.

அந்தக் கண்ணை உஸ்மானியர் இஸ்தான்பூலில் அமைத்தார்கள். சுல்தானின் தலைமைக் கட்டடக் கலைஞருக்கு, பள்ளிவாசல்களை எழுப்புவதோடு நகரில் கட்டுவோரைக் கண்காணிக்கும் பொறுப்பும் இருந்தது. கி.பி. 1588 வரை சுமார் அரை நூற்றாண்டு அப்பதவியில் இருந்த மிமார் சினானின் பெயரை அறியாதார் யார்? சுலைமானியாவைக் கட்டிய அதே கைதான், நகர மதிலை ஒட்டியும் தெருவை நெருக்கியும் எழுந்த வீடுகளைப் பற்றிய ஆணைகளையும் நிறைவேற்றியது. 1573-இல் ஆயா சோஃபியாவை ஒட்டி நெருக்கியிருந்த வீடுகளை அகற்றுமாறு சுல்தான் இரண்டாம் ஸலீம் ஆணையிட்டபோதும் முன்னின்றவர் அவரே. மரவீடுகள் நிறைந்த அந்நகரைத் தீ அடிக்கடி தின்றது. 1660-இல் மூண்ட தீ வரலாறு காணாதது. ஒவ்வொரு தீக்குப் பின்னும் கல்லால் கட்டுக, இறவாரத்தை நீட்டாதே, உயரத்தைக் குறை என்று ஆணைகள் பிறந்தன. மக்கள் மீண்டும் மரத்தால் கட்டினார்கள்.

இவ்வாணைகளில் நமக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. முஸ்லிம்களின் வீட்டுக்கு ஓர் உயரம், யூத கிறிஸ்தவர்களின் வீட்டுக்கு அதனினும் குறைந்த உயரம் என்று வகுத்தார்கள். எட்டிப் பார்க்கும் சாளரத்தால் யார் மறைவு குலைந்தாலும் தீங்குதானே! தன்ஸீமாத் சீர்திருத்தங்கள் 1839-இல் தொடங்கிய பின்னர், 1848-இல் இஸ்தான்பூலுக்கு முறையான கட்டட விதிகள் வெளியாயின. 1882-இல் விரிவான கட்டடச் சட்டம் வந்தது. வரைபடமும் தெரு அகலமும் முன் அனுமதியும் கொண்ட இன்றைய முறை முஸ்லிம் நகரங்களுக்குள் நுழைந்த வாசல் இது. இதே காலத்தில், 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டம், அண்டை வீட்டுப் பெண்டிர் புழங்கும் இடத்தைக் காட்டும் சாளரத்தைப் பெருந்தீங்கு என்றே தொடர்ந்து கொண்டது. பழைய கொத்தனாரின் வழக்கு புதிய சட்டத்தின் பிரிவாயிற்று.

துனீஸிலும் 1858-இல் நகராட்சி மன்றம் ஏற்பட்டது. 1881-இல் பிரெஞ்சு ஆட்சி வந்தது. அவர்கள் பழைய நகருக்குக் கிழக்கே, ஏரிப்பக்கத்துத் தாழ்நிலத்தில், கோடு கிழித்தாற்போன்ற நேர்த்தெருக்களுடன் புது நகரம் ஒன்றை எழுப்பினர். மதீனா எனப்படும் பழைய நகரம் இருந்தவாறே விடப்பட்டது. வசதியுள்ள குடும்பங்கள் மெல்ல மெல்ல வெளியேறின. முற்றங்களைச் சூழ்ந்த பெரிய வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பமாக நாட்டுப்புறத்து ஏழைகள் குடியேறினர். 'உகாலா' என்று அத்தகைய வீடுகளுக்குப் பெயர் வழங்கிற்று. ஒரு முற்றத்தைச் சுற்றி ஒன்பது குடும்பம் வாழும்போது யார் யாருடைய மறைவைக் காப்பது?

1956-இல் நாடு விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற நாட்டுக்குப் புதுமை வேண்டும் என்ற வேட்கை எங்கும் போலவே அங்கும் இருந்தது. புது நகரின் பெருவீதியை மேற்கே நீட்டி, மதீனாவை ஊடறுத்துக் கஸ்பா வரை கொண்டுசெல்லும் திட்டம் உருவாயிற்று. காகிதத்தில் அது அழகான நேர்க்கோடு. அந்தக் கோட்டின் கீழே கிடந்தவை இப்னுர் ராமி தொட்டுப் பார்த்த சுவர்களின் வழித்தோன்றல்கள். எழுநூறு ஆண்டு அண்டை வீட்டு வழக்குகளால் ஒவ்வொரு முழமாகச் செதுக்கப்பட்ட நகரம் ஒரே முத்திரையில் இரண்டாகப் பிளக்கவிருந்தது. ஒரு சாளரத்துக்கு ஒரு கொத்தனாரை அனுப்பிய ஊரில், ஒரு வீதிக்காக எந்தக் கொத்தனாரும் எந்த வாசலையும் தட்டவில்லை.

அத்திட்டம் நிறைவேறாமற் போனது நற்பேறு. 1967-இல் துனீஸ் நகராட்சியின் ஆதரவிலேயே மதீனாப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. கட்டடக் கலைஞர்கள், வரலாற்றறிஞர்கள், சமூகவியலார் ஒன்றுகூடி வீடு வீடாகச் சென்று அளந்தார்கள். யார் வாழ்கிறார்கள், எத்தனை பேர், எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது என்று எழுதினார்கள். வீதியை வெட்டுவதற்கு எதிராக அவர்கள் எடுத்துவைத்த வாதத்தின் அடிப்படை இந்த ஆய்வுகள். 1979-இல் யுனெஸ்கோ அப்பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அதே சங்கத்தார் ஹஃப்ஸியா என்னும் பேட்டையையும் எடுத்துக்கொண்டார்கள். முன்னாளில் யூதர்கள் வாழ்ந்த பகுதி அது. சுகாதாரக் கேடு என்ற பெயரால் 1930-களில் அதன் ஒரு பாகம் இடிக்கப்பட்டு வெற்று நிலமாகக் கிடந்தது. அங்கே அடுக்குமாடிகளை நட்டுவைக்காமல், பழைய சந்துகளின் போக்கையும் முற்ற வீடுகளின் அமைப்பையும் பின்பற்றிக் குடியிருப்புகளையும் கூரை வேய்ந்த கடைத்தெரு ஒன்றையும் கட்டினார்கள். அந்த முதற்கட்டப் பணிக்கு 1983-இல் ஆகா கான் கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது. ஆயினும் ஒரு குறை சொல்லப்பட்டது: அழகிய அவ்வீடுகள் அங்கே வாழ்ந்த ஏழைகளுக்கு எட்டும் விலையில் அமையவில்லை. இரண்டாம் கட்டத்தில் அக்குறையைக் களைய முயன்றார்கள். புதிதாகக் கட்டுவதோடு நில்லாமல் பழுதுற்ற வீடுகளைச் செப்பனிடக் கடன் வழங்கினார்கள்; உகாலாக்களிலிருந்து எழுப்ப நேர்ந்த குடும்பங்களுக்கு மாற்று இடம் தேடினார்கள். 1995-இல் அதே பேட்டைக்கு அதே பரிசு இரண்டாம் முறையாக வழங்கப்பட்டது.